மேடம் கை வைக்காத டப்பா

மதியம் அந்த மேசையில் உட்கார்ந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நடு நாற்காலியில் மேடம். அவருக்கு வலப்பக்கம் துணி வெட்டும் கட்டிங் அக்கா. இடப்பக்கம் இஸ்திரி போடும் செய்யூர்க்காரி. அவளுக்கு அடுத்து செக்கிங் பார்க்கும் கருங்குழிப் பெண். அப்புறம், தையலுக்குப் புதிதாக வந்த ஒடிசாப் பெண். கோடியில், கை கழுவும் குழாயை ஒட்டி, நான்.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி. கார் சீட்டுக்கு உறை தைப்போம். மேடம் எங்களுக்குச் சூப்பர்வைசர். அவர் வீட்டிலிருந்து சோறும் ரசமும்தான் வரும். தொட்டுக்கொள்ள எங்கள் டப்பாக்களில் எடுத்துக்கொள்வார். கேட்கிற வழக்கம் இல்லை. கை நீளும், அவ்வளவுதான். யார் டப்பாவில் கை விழுந்ததோ அவளுக்கு அன்றைக்கு நல்ல நாள். தையல் கோணினாலும் திட்டு விழாது. லீவு கேட்டால் கிடைக்கும். என் டப்பாவுக்கு அந்தக் கை வந்ததே இல்லை. நான் காலனி. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. கம்பெனி பஸ்ஸில் நான் ஏறுகிற ஸ்டாப் சொல்லிவிட்டது.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை தருவார். மேசையில் வைத்து விரலால் என் பக்கம் தள்ளுவார். "நான் யாரையும் தப்பா பேசறவ இல்ல. ஆனா அவங்கவங்க வழக்கம்னு ஒண்ணு கீது இல்ல?" என்பார். வீட்டுக் கதை சொன்னாலும் அப்படித்தான். "எங்க நைனா சாப்ட்டு எழுந்தப்புறம்தான் எங்கம்மா தட்டு எடுக்கும். அதுவரைக்கும் வூட்ல ஒரு சத்தம் கேக்காது." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். மேனேஜர் போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவார். போனுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இவர் எழுந்தது எப்படித் தெரியும் என்று செய்யூர்க்காரி முணுமுணுப்பாள். பேசி முடித்து உட்கார்ந்ததும் எங்களில் ஒருத்திக்குத் திட்டு விழும். மேலே குனிந்த குனிவைக் கீழே யாரிடமாவது நிமிர்த்திக்கொள்ள வேண்டும் அவருக்கு. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்துதான் இருந்தது.

தெரிந்தவளுக்கு வெறுப்பு வரவேண்டும். எனக்குப் பொறாமை வந்தது. கட்டிங் அக்காவின் உப்பில்லாத பீன்ஸ் பொரியலில் அந்தக் கை விழும்போது எனக்கு வயிறு எரியும். விடியலில் எழுந்து கத்திரிக்காயை எண்ணெயில் சுருளச் சுருள வதக்குவேன். வாசனை போகட்டும் என்று மூடியை அவர் பக்கம் சாய்த்துத் திறப்பேன். நம்மைத் தொடாதவர் நம் குழம்பைத் தொட வேண்டும் என்று ஏன் தவிக்கிறோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேடம் இப்போது இங்கே இல்லை. வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கேன்டீனில் சாப்பிடுகிறார். ஆனாலும் மதியம் யார் டப்பாவில் யார் கை போகிறது என்றுதான் என் கண் இன்னும் பார்க்கிறது.

ஒடிசாப் பெண் வந்த பிறகு என் எரிச்சல் கூடியது. இந்தி பேசுகிறவர்களை மேடத்துக்கு ஆகாது. நூல் கட்டை காணாமல் போனால், "அவங்க பையைப் பாரு மொதல்ல" என்பார். அவர்கள் குளிப்பதில்லை என்பார். ஆனால் இவள் வந்த முதல் நாளே கழுத்தில் துளசி மணியைப் பார்த்துவிட்டார். "இது வேற. நல்ல வூட்டுப் பொண்ணு" என்றார். மறுநாள் அவள் உருளைக்கிழங்கில் கை விழுந்தது. வந்து இரண்டாம் நாள். நான் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒருநாள் பஸ்ஸில் அவள் மணியைத் தொட்டுக் கேட்டேன். அவள் ஊரில் எல்லாத் தெருவிலும் போடுவார்களாம். "எங்க தெருவும் போடும் அக்கா. எங்க தெரு தனி. கிணறு தனி" என்றாள், கையை ஊருக்கு வெளியே காட்டுவது போல வீசி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளும் என்னைப் போலத்தான். மேடத்திடம் நான் ஒரு சொல் சொன்னால் போதும், அந்தக் கை நின்றுவிடும். நான் சொல்லவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே நின்றால் என் டப்பாவுக்கா வரப்போகிறது?

அவளே அதைக் கெடுத்துக்கொண்டாள். என் கத்திரிக்காய் அவளுக்குப் பிடித்துவிட்டது. எல்லோர் முன்னாலும் என் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஏய், இதுல சாப்டாத. அப்புறம் மேடம் உன் டப்பாவுல எடுக்க மாட்டாங்க" என்றேன் மெதுவாக.

"எடுக்கல? நல்லது அக்கா. எனக்கு நிறைய" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு.

அன்றோடு மேடம் கை அவள் பக்கம் போகவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. முழு உருளைக்கிழங்கையும் தின்றுவிட்டு டப்பாவை வழித்தாள். அவள் டப்பாவில் கை விழுந்தபோது பட்ட பொறாமையைவிட அன்றைக்குப் பட்டது அதிகம். இத்தனை வருஷம் நான் ஏங்கியதை இவள் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அது அவள் கண்ணிலேயே படவில்லை.

அந்த வருஷம் கம்பெனியில் எங்களை மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள். சாப்பாடு கடலோரச் சவுக்குத் தோப்பில். ஆளுக்கு ஒன்று செய்துவரச் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு தூக்கு நிறைய எறா தொக்கு. பாத்திரங்களை வரிசையாக வைத்த மேடம் என் தூக்கை மட்டும் தொடாமல் காட்டினார். "அது அந்தாண்ட இருக்கட்டும்."

மேனேஜர் வந்தார். அவருக்கும் இந்திதான். ஆனால் அவர் பையை யாரும் சோதித்ததில்லை. ஒடிசாப் பெண் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்து, என் தூக்கைத் திறந்து அவர் தட்டில் போட்டாள். அவர் தின்றார். இன்னும் கேட்டு வாங்கினார். பிறகு மேடம் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சாப்பிடல? சாப்பிடுங்க." அவரே ஒரு கரண்டி எடுத்து மேடத்தின் தட்டில் வைத்தார்.

கட்டிங் அக்கா தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டாள். "எது யார் தூக்குன்னு அவருக்கு இன்னா தெரியும்" என்று செய்யூர்க்காரி என் காதில் சொன்னாள். மேடம் தட்டோடு எழுந்து நின்றார். பிசைந்தார். வாயில் வைத்தார்.

"எப்படி?" என்றார் மேனேஜர்.

"சூப்பரா கீது சார்."

என் தொக்கில் அந்தக் கை. மேடத்தின் கண் மட்டும் மேனேஜர் முகத்தில். நான் விடியலில் எழுந்து வதக்கி வதக்கி வாங்க முடியாததை, அந்த ஆள் ஒரு சொல்லில் வாங்கிவிட்டார். அவர் மேலும் எனக்குப் பொறாமைதான். எங்கேயிருந்தோ மேனேஜருக்குப் போன் வந்தது. காதில் வைத்துக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார். மேடத்தின் கை தட்டிலேயே நின்றது. தட்டைச் சவுக்கு மரத்தடியில் வைத்துவிட்டு, பாட்டில் தண்ணீர் தீரும்வரை கை கழுவினார்.

மேனேஜர் நின்றிருந்த வரைக்கும் மேடம் சாப்பிட்டது நாலு வாய்.