தெற்குச் சுவரின் சிறிய கதவு

ஈரக் கல்லின் மணமும் அணைந்த மெழுகுதிரியின் புகையும் கலந்த குளிர் ஒன்று, பேருந்தை விட்டு இறங்கி வெயிலிலிருந்து கோயிலுக்குள் நுழைந்த எங்கள் முகத்தில் வந்து அடித்தபோது எனக்குப் பத்து வயது. ஜெனீவாப் பக்கம் குடியிருந்த ரெனானிலிருந்து லூர்துக்கு யாத்திரை போன தமிழ்க் குடும்பங்கள், திரும்பும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் பழைய பங்குக் கோயிலைப் பார்க்க இறங்கியிருந்தோம்.

அங்கிருந்த முதிய பாதிரியார் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை, பள்ளியில் பிரெஞ்சு படித்த எனக்கு வந்தது. உச்சியில் கூராகச் சந்திக்கும் வளைவுகளையும், கூரையைத் தாங்கும் கல் விலாக்களையும், மதச் சண்டையில் எரிந்து மறுபடி கட்டப்பட்ட கோபுரத்தையும் பெருமையோடு சொன்னேன். பிறகு அவர் தெற்குச் சுவரில், பெரியவர்கள் குனிந்தே நுழையக்கூடிய ஒரு கதவைக் காட்டினார். ஊரார் தொட அஞ்சி 'ககோ' என்று ஒதுக்கிவைத்த மக்கள் அந்த வழியாகத்தான் வரவேண்டுமாம். அவர்களுக்குத் தனித் தீர்த்தத் தொட்டி. பூசையில் தரும் அப்பத்தைக்கூடக் கம்பு நுனியில்தான் நீட்டுவார்களாம். தச்சுவேலை மட்டுமே அவர்களுக்கு விடப்பட்டிருந்ததால், அந்தக் கூரைக்கு மரம் ஏற்றியவர்களும் அவர்கள்தானாம்.

யாத்திரையை ஒழுங்குசெய்த அண்ணை, அப்பாவின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர், கூட்டத்துக்குள் அப்பாவைத் தேடிப் பார்த்தார்.

"எங்கட ஊரிலையும் உதுதானே. நீர் உதாலை வெளியிலை வாருமன்."

எல்லோரும் சிரித்தார்கள். பகிடி என்று நானும் சிரித்தேன். என்ன சொன்னார் என்று பாதிரியார் கேட்க, பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். உணவகச் சமையலறையில் முதலாளியின் ஏச்சுக்குச் சிரித்துப் பழகிய அப்பா, அதே சிரிப்போடு குனிந்து, அந்தக் கதவால் வெளியே போனார்.

பேருந்தில் அதுவரை என்னருகே இருந்த சிநேகிதியை அவளுடைய அம்மா முன்னுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். எங்களுக்கு ஒரு சாதி இருப்பதும், அது எல்லோருக்கும் தெரியும் என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

"அப்பா ஏனம்மா அதாலை போனவர்?" என்று கேட்டேன்.

"நீ ஏன் அந்தக் கதவின்ரை கதையைத் தமிழிலை சொன்னனி?" என்றார் அம்மா.

அப்பா தமிழ்ப் பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி வாங்கில் இருக்கத் தொடங்கினார்.

அந்தக் கிராமத்தில் இன்று யார் 'ககோ' வழிவந்தவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்தப் பிரிவு, காரணம் தெரியாமலே வந்து, பெயரோடு அழிந்துவிட்டது. சென்ற ஆண்டு எனக்குக் கல்யாணம் பேசியபோது, என்னைப்போல் இங்கேயே, ஓல்டனில் பிறந்து வளர்ந்த மாப்பிள்ளையின் தாயார் தொலைபேசியில் மிகக் கனிவாகக் கேட்டார்: "பிள்ளை, அப்பா ஊரிலை எந்தக் குறிச்சி?" ஊரில் குறிச்சியின் பெயரே சாதியைச் சொல்லிவிடும்.

சொன்னேன்.

"ஓம் பிள்ளை, பிறகு எடுக்கிறன்" என்றார். எடுக்கவில்லை.