அமாவாசைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

செவிலிமேட்டில் டவுன் பஸ் ஏறி அந்தப் பட்டுச்சேலை டிசைன் கடைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அலுப்புதான் வரும். பூட்டச் சொல்வார்கள்; பூட்டினால், ஏன் பூட்டினாய் என்பார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதே பாடு.

ஒரு முந்தானை டிசைன் பென் டிரைவில் வெளியே போய், அடுத்த தெருக் கடையில் சேலையாகத் தொங்கியதிலிருந்து முதலாளிக்கு யார் மேலும் நம்பிக்கையில்லை. அதனால் வரைகிற ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே தனி அறை மாதிரி அமைத்துக் கொடுத்தேன். அங்கிருந்து அடுத்தவர் ஃபைல் தெரியாது. பென் டிரைவ் செருகினாலும் காட்டாது. சேமிக்க ஆளுக்கொரு ஃபோல்டர் மட்டும் உண்டு. புதிதாக வந்த பெண்ணுக்கு அதுவும் வேண்டாம் என்றார் முதலாளி. முதல் டிசைனை முடித்துக் காட்டினால்தான் அவளுக்கு வேலை நிச்சயம். அதுவரை அவள் வரைவது தற்காலிக இடத்தில் கிடக்கும்; கம்ப்யூட்டரை அணைத்தால் போச்சு. படித்துப் படித்துச் சொன்னேன். இராத்திரியிலும் ஓடுவதுதானே, அணைத்தால்தானே என்று என் வாயை அடைத்துவிட்டார்.

எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. முதல் நாள் சாயங்காலம் தறிகளை நிறுத்திய கையோடு முதலாளி, இதற்கும் ஓய்வு வேண்டாமா என்று கம்ப்யூட்டருக்குப் பூ வைத்து, கற்பூரம் காட்டி, யு.பி.எஸ்ஸையும் சேர்த்து நிறுத்திவிட்டார். மாதா மாதம் செய்வதுதான். அது அவருக்குப் பூஜை, அணைப்பதாகவே தோன்றவில்லை.

அமாவாசை கழிந்து என்னைக் கூப்பிட்டார்கள். கட்டம் கட்டமாக அவள் வரைந்து, முடியும் தறுவாயில் இருந்த அன்னப்பட்சி முந்தானை சுத்தமாக இல்லை. அவள் அழவில்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கனா மூலைல இருக்குதா பாருப்பா" என்று முதலாளி கெஞ்சினார். இல்லை என்றதும் முகம் செத்துவிட்டது. வேலை நிச்சயம், மெதுவாக மறுபடி வரையட்டும் என்றார். பிறகு என்னிடம், "எல்லாத்தையும் தொறந்து வுட்டுடு. பென் டிரைவும் வேலை செய்யட்டும். இது நம்ம வூட்டுப் பொண்ணு" என்றார்.

ஃபோல்டரைத் திறந்தேன். அடுத்ததற்குப் போகுமுன் அவள் தடுத்தாள்.

"ஃபோல்டர் போதும்ணா. பென் டிரைவத் தொறக்காதீங்க. நாளைக்கு எதுனா காணாமப் போச்சுன்னா, மொதல்ல என் பையத்தான் பாப்பாங்க."

முதலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "சரி, அது பூட்டியே கெடக்கட்டும்" என்றார்.