சீனாக்காரர் ரூம்ல குடிச்ச சாயா

இந்த வளைகுடாவுல, ருவைஸ்ல, இப்ப எங்க எதிர்வீட்டுல ஒரு சீனாக்காரப் பொண்ணு இருக்கா. போன வாரம் என்னையும் பேத்தியையும் கூப்பிட்டு உக்கார வச்சுச் சாயா குடுத்தா. எனக்குன்னா சிரிப்பு அடங்கல. ஏன் சிரிக்கிறேன்னு அவளுக்குச் சொல்லப் பாஷை இல்ல. அதான் உங்ககிட்டச் சொல்றேன். நான் பேசப் பேசப் பேத்தி ஃபோன்ல தட்டுறா, தப்பு இருந்தா அவளைத் திட்டுங்க.

நான் சின்னப்புள்ளயா இருந்தப்ப நாங்க குவைத்துல, ஃபஹாஹீல்ல இருந்தோம். அப்பா ரிஃபைனரியில ஃபிட்டர், அம்மா ஆஸ்பத்திரியில ஆயா. ஊர்ல அத்தைக்கு, அதான் அப்பாவோட தங்கச்சிக்கு, கல்யாணம் குறிச்சாச்சு. தாத்தா செத்துப் போயிட்டாரு. மாதா கோயில்ல பொண்ணு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக அப்பாவை விட்டா ஆள் இல்ல. ஆனா பிளான்ட்ட நிறுத்தி ரிப்பேர் பாக்குற ஷட்டவுன் வேலை நடக்குது, யாருக்கும் லீவு மாஃபி, கெடையவே கெடையாது. ஃபோர்மேன் மனசு வச்சாதான் உண்டு. அவரு ஒரு சீனாக்காரர்.

"குடும்பத்தோட போனா மனசு எளகும்"னு அம்மா முந்திரிக்கொத்து சுட்டு டப்பாவுல அடச்சா. வெல்லம் நல்லா கெடைக்கலன்னு பேரீச்சம்பழத்தப் போட்டுப் பிசஞ்சா. அது வெல்லத்தை விட ருசி, இப்பவும் நான் அப்படித்தான் பண்ணுவேன்... சரி, அத விடுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு பேரும் போனோம்.

அவரு ஒத்தக்கட்டையா ஒரு ரூம்ல இருந்தாரு. செவத்துல ஒரு பொம்பளப்புள்ள படம், என் வயசுதான் இருக்கும், ரெட்டச் சடை. எங்களைப் பாத்ததும் அவருக்கு மொகமெல்லாம் சிரிப்பு. ஓட்ட போட்ட ஒரு மரத்தட்டை எடுத்து வச்சாரு. அதுமேல மண்ணுல செஞ்ச கெட்டில், என் கைக்குள்ள அடங்குற அளவு. கோப்பையெல்லாம் செப்புச் சாமான் மாதிரி. எலையப் போட்டு, வெந்நி ஊத்தி, மொதச் சாயாவ அப்படியே தட்டுல கொட்டிட்டாரு!

"ஐயையோ, நல்ல சாயாவக் கொட்டுறாரே"ன்னா அம்மா.

"சும்மா இருட்டீ"ன்னாரு அப்பா.

ரெண்டாவது தண்ணி எங்களுக்கு. பால் இல்ல, சீனி இல்ல, கோப்பையும் முக்கால்தான். "நெறைய ஊத்துனா கை தேஞ்சிருமோ"ன்னு அம்மா எங்க பாஷையில மொணங்குனா. அவரு கோப்பைய மூக்குகிட்ட வச்சு, கண்ண மூடி, கொஞ்சங்கொஞ்சமாக் குடிச்சாரு. அப்பா மருந்து குடிக்கிறாப்ல ஒரே மடக்கு. கோப்பை கீழ வந்ததும் மறுபடி ஊத்துனாரு.

"மிச்சம் வைக்காத மக்ளே, மரியாதை இல்ல"ன்னா அம்மா. நானும் குடிச்சேன். ஊத்துனாரு. குடிச்சோம். ஊத்துனாரு. அப்பா "ஃபோர்மேன் ஸாப், ஒரு லீவு..."ன்னு தொடங்குவாரு. அதுக்குள்ள கெட்டில் வந்துரும். அவரு "சாயா, பாய், சாயா"ம்பாரு. சாயா குடிக்கையில வேலைப் பேச்சு கூடாதாம். அப்பாவுக்கு நெத்தியெல்லாம் வேர்வை. எனக்கு வயிறு தண்ணிக்கொடம் மாதிரி ஆயிருச்சு. அவசரமா ஒண்ணுக்கு வேற. அம்மா காதுல சொன்னேன். "அந்நிய வீட்டுல கேக்கக் கூடாது, அடக்கு"ன்னுட்டா.

கடைசியா ஊத்துன கோப்பைய நான் தொடவே இல்ல. அம்மா தொடையில கிள்ளுனா. கண்ணுல தண்ணி வந்துச்சு, ஆனாலும் தொடல. அவரு கோப்பையப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

"கலாஸ்?"னாரு, போதுமா, முடிஞ்சுதான்னு.

"கலாஸ்"னேன்.

கெட்டிலத் தட்டுல வச்சுட்டு அப்பா பக்கம் திரும்பி, "போலோ பாய்"னாரு. சொல்லுன்னு அர்த்தம். அப்பா ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டுனாரு. "ஷாதியா? தங்கச்சிக்கா? ஜாவோ"ன்னுட்டாரு, கல்யாணம்னா போயிட்டு வான்னு. அவ்வளவுதாங்க! ஊருக்குப் போயி அத்தை கையைப் புடிச்சு அப்பா நடந்தது, பாக்கணும் நீங்க. "இந்த லீவு எம்மவ வாங்கித் தந்தது"ன்னு பந்தியில எல்லார்கிட்டயும் சொன்னாரு. நானும் ரொம்ப வருஷம் அந்தப் பெருமையிலதான் திரிஞ்சேன்.

எதிர்வீட்டுக்காரியும் இப்ப அப்படித்தான், விடாம ஊத்துனா. பேத்தி இங்கிலீஷ்ல கேட்டுச் சொன்னா: "பாட்டி, காலி பண்ணா ஊத்துவாங்களாம். போதும்னா கோப்பையத் தொடாம விட்டுரணுமாம்." எனக்கு அங்கதான் சிரிப்பு வந்துச்சு. நாங்க எப்ப நிறுத்துவோம்னு அவரும், அவரு எப்ப நிறுத்துவாருன்னு நாங்களும், ஒரு மத்தியானம் பூரா காத்துக் கெடந்திருக்கோமே!

அப்படியா காத்துக் கெடந்தாரு? வீட்டுக்கு வந்து படுத்தப்புறம் அதான் மனசுல ஓடுச்சு. அன்னைக்கு ஃபோர்மேன் ரூம்ல இருந்து கெளம்பி நாங்க செருப்புப் போடுறப்ப அவரு நான் வச்ச கோப்பைய எடுத்து, செவத்துப் படத்துக்கு நேரா நின்னு, மெதுவாக் குடிச்சாரு. அப்புறம் வாசல் வரைக்கும் வந்தாரு. கெட்டில் மறுபடி அவரு கையில இருந்துச்சு. குனிஞ்சு எங்கிட்ட மறுபடியும் கேட்டாரு, "கலாஸ்?"

எனக்கு ஒண்ணுக்கு முட்டுது. "கலாஸ், கலாஸ்!"னு சிரிச்சுக்கிட்டே படியெறங்கி ஓடுனேன்.