வெர்னா திரும்பத் தட்டிய கதவுகள்

கலிபோர்னியாவில் எங்கள் ஊர்ப் பழ ஆலையில் பதினோரு வருடம் வெர்னா கோஸ்டல்னிக்குக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். பெல்ட்டில் ஓடிவரும் பீச் பழங்களில் அழுகலைப் பொறுக்கி எறிவது எங்கள் வேலை. அவளுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ஜனநாயகக் கட்சி இருந்தது. தேர்தல் வந்தால் ஷிப்ட் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, ஆலையைச் சுற்றியுள்ள எட்டுத் தெருவிலும் கதவு தட்டக் கிளம்பிவிடுவாள்.

அறுபத்து நாலில் அவள் வாசலுக்கு வாசல் சொன்னது ஒன்றுதான்: "நம்ம ஆளு ஜெயிச்சா பசங்கள சண்டைக்கு அனுப்ப மாட்டாரு." அவர் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். அடுத்த வருடமே பையன்கள் வியட்நாமுக்குக் கப்பல் ஏறினார்கள்.

அறுபத்தேழு ஏப்ரலில் யுலாலியா ஆரியாகாவின் மகன் ரூபென் பெட்டியில் திரும்பி வந்தான். யுலாலியா எங்கள் ஆலையிலேயே பழம் கழுவுகிறவள். வெர்னா சாப்பாடு சமைத்து எடுத்துக்கொண்டு துக்கம் கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன். யுலாலியா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"இதே படியில நின்னுதான் சொன்ன, வெர்னா," என்றாள். "அனுப்ப மாட்டாங்கன்னு."

திங்கட்கிழமை வெர்னா கட்சி அலுவலகத்துக்குப் போய் விலகல் கடிதம் கொடுத்தாள். அங்கே பொறுப்பில் இருந்த பாஸ்கம் அதைப் பிரிக்கவே இல்லை.

"நம்மள விட்டா எதிர்க்கட்சிக்காரனுங்கதான். அவனுங்க வந்தா போர் நின்னுடுமா?"

"நிக்காது. நீங்க இருந்தும்தான் நிக்கல."

பெரிய நகரங்களில் சிலர் போரை எதிர்த்துப் புதுக் கட்சி ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வாக்காளர் பட்டியலில் அவரவர் கட்சியும் பதிவாகியிருக்கும்; ஆனால் ஓட்டை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். வாக்குச்சீட்டில் அதன் பெயர் வரவேண்டுமென்றால், ஜனவரிக்குள் போதுமான வாக்காளர்கள் தங்கள் பழைய கட்சியை விட்டு இதில் பதிந்துகொள்ள வேண்டும். வெர்னா மாவட்ட அலுவலகத்தில் சத்தியம் செய்து, பதிவு செய்யும் உரிமை வாங்கிக்கொண்டு வந்தாள். பிறகு அதே எட்டுத் தெருவில் இறங்கினாள்.

"மூணு வருஷம் முன்னாடி உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்." படிவத்தை அதன் பிறகுதான் எடுப்பாள்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர் கேட்டார்: "ஒரு கட்சிய நம்பி ஏமாந்துட்டு இன்னொண்ணத் தூக்கிட்டு வர்றியா?"

"ஆமா. இந்தத் தடவ வாக்குறுதி எதுவும் கொண்டு வரல."

அவர் சிரித்தார்; கையெழுத்துப் போடவில்லை. ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் வேறு பெஞ்சுக்கு நகர்ந்தார்கள். போரை எதிர்ப்பவர்கள் எல்லாம் ரஷ்யாவின் ஆட்கள் என்பது என் கணவரின் எண்ணம்; வீட்டில், "உன் ரஷ்யாக்காரி எப்படி இருக்கா?" என்பார். இரண்டு மாதத்தில் பத்தொன்பது பேர்தான் மாறினார்கள். நான் மாறவில்லை, கேட்டபோதெல்லாம் மழுப்பினேன்.

ஒரு வீட்டை மட்டும் வெர்னா ஒதுக்கி வைத்திருந்தாள். டிசம்பரில், பனிமூட்டம் கண்ணை மறைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கேயும் போனாள்.

யுலாலியா படிவத்தைப் பார்த்தாள். "இதுல கையெழுத்துப் போட்டா எம்புள்ள வந்துடுவானா?"

"வரமாட்டான்."

யுலாலியா படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பக்கத்து வீட்டு மெண்டோசா போட்டாளா?" என்று கேட்டாள்.

"கதவே தெறக்கல."

"எனக்குத் தெறப்பா," என்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மூன்று வாரம் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். யுலாலியா தட்டுவாள், வெர்னா பேசுவாள். யுலாலியா வாயே திறக்கமாட்டாள். அவள் என் வாசலில் வந்து நிற்கும்போது என்னால் மழுப்ப முடியவில்லை, கையெழுத்துப் போட்டேன். எண்ணிக்கை எண்பத்து மூன்றைத் தொட்டது. யுலாலியா மட்டும் மாறவில்லை. வெர்னாவும் அவளைக் கேட்கவில்லை.

மாநிலம் முழுக்க எண்ணிக்கை தேறிவிட்டது. கட்சியின் பெயர் வாக்குச்சீட்டில் ஏறியது. ஆனால் அறுபத்தெட்டு நவம்பரில் எங்கள் எட்டுத் தெருவில் அதற்கு விழுந்தவை அறுபத்தொரு ஓட்டு. பாஸ்கம் ஆலை வாசலிலேயே வந்து நின்றார்.

"மிச்ச இருபத்திரண்டு பேர் எங்க, வெர்னா?"

"தெரியல. போய்க் கேக்கணும்."

உண்மையிலேயே கேட்கக் கிளம்பினாள். சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "எதிர்க்கட்சிக்காரன் ஜெயிச்சுடுவானோன்னு பயமா இருந்துச்சு. பழைய கட்சிக்கே போட்டுட்டேன்."

வெர்னா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நானும் இருபது வருஷம் அப்படித்தான் போட்டேன்," என்றாள்.