ஸ்டேஷன் மாஸ்டர் தொலைக்காத பாஸ்போர்ட்டுகள்

இந்த ஆண்டு தை மாதக் கடைசியில் ஹட்டனில் நடந்தது இது. எழுபதைத் தாண்டிய, நான்கு பேர் மதிக்கும் ஒரு மனிதன் ஒரு சின்ன வெட்கத்துக்காக இவ்வளவு கீழே இறங்குவானா என்று எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை. இறங்கியவன் எப்படியோ மேலே ஏறி வந்துவிட்டேன் என்பதை நினைக்கும்போது மட்டும் மூச்சு சீராக வருகிறது.

நான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். றொசல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, ஹட்டன் டவுனில் வீடு கட்டிக்கொண்டவன். ஊர் சுற்றும் ஆசை உள்ள நாங்கள் ஆறு பேர் ஒரு கூட்டாளிக் கூட்டம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் தொடங்கி, மலேசியா, தாய்லாந்து வரை சேர்ந்தே போய் வந்திருக்கிறோம். ஏற்பாடெல்லாம் எப்போதும் என் பொறுப்பு. எந்த ஹோட்டல், எந்த பஸ், யார் யாரோடு தங்குவது என்று நான் சொன்னால் மறுபேச்சு இருக்காது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

இந்த முறை ஜப்பான், செரிப் பூக்கள் பூக்கும் பருவத்தில். யோசனை என்னுடையதல்ல. எங்களில் ஒருவர் மலைநாட்டு ரயில் பாதையில் காலமெல்லாம் வேலை செய்த ஸ்டேஷன் மாஸ்டர். அங்கே ஓடும் வேக ரயிலை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"அங்க கோச்சி ஒரு நிமிசம் பிந்தினா எல்லாருக்கும் மன்னிப்புக் கேப்பாங்களாம் சேர். நம்ம கோச்சி ஒரு நாளைக்கு நேரத்துக்கு வந்துட்டா நாமதான் மன்னிப்புக் கேக்கணும். ஒருத்தரும் வெளிக்கிட்டிருக்க மாட்டோம்" என்பார். ரயிலுக்கு எங்கள் பக்கத்தில் கோச்சி என்றுதான் பெயர்.

அவர் மனைவி இறந்தபின் ஸ்டேஷனுக்கு மேலே உள்ள சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். கொஞ்ச நாளாக மறதி எட்டிப் பார்த்திருந்தது. அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். சொன்ன கதையையே திரும்பச் சொல்வார். வத்தளையில் இருக்கும் மகள், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஒவ்வொரு நாளும் நச்சரித்துக்கொண்டிருந்தாள். "ஜப்பானுக்குப் போயிட்டு வந்து யோசிக்கிறேன்" என்று அவர் தள்ளிப்போட்டு வந்தார். ஆறு பேராக அவ்வளவு தூரம் போய்த் திரும்பிவிட்டால் மகளின் வாய் அடைபடும் என்று என்னிடம் சொல்லியும் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் வீட்டில்தான் கூடினோம். அடுத்த வாரம் வியாழக்கிழமை கொழும்பில் விசாவுக்குக் கொடுக்க வேண்டும். எல்லோரும் பாஸ்போர்ட்டை என்னிடம் தந்தார்கள். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். அப்போது எங்கள் டீச்சர் வாயைத் திறந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே கணிதம் படிப்பிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர்.

"சேர், கொண்டுபோக முதல் இதுகளை ஒருக்கா அம்மன்ர காலடியில வைச்சு எடுப்பமே?"

"விசா குடுக்கிறது எம்பசியா, மாரியம்மனா டீச்சர்? அம்மனுக்கு ஜப்பான் பாஷை தெரியுமான்னு முதல்ல கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "உங்களோட கதைச்சு வெல்ல ஏலாது" என்று தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இனித்தான் வெட்கக்கேடான பகுதி. பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் நடந்த என் மகனின் கல்யாணத்துக்குப் போக எனக்கு விசா கிடைக்கவில்லை. அந்தப் பயம் உள்ளே அப்படியே கிடந்தது. என் ராசியால் மற்ற ஐந்து பேருக்கும் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று அந்த வாரம் முழுக்கத் தூக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை, வீட்டில் மருந்தெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, டின்னோடு பஸ் ஏறி நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி எனக்குத் தெரிந்தவர். டின்னை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார்.

"ரெண்டு நாள் பூசையில இருக்கட்டும் சேர். ஞாயித்துக்கிழமை காலையில வந்து எடுத்துக்கிங்க."

ஞாயிறு காலை போனால் கோயில் பூட்டியிருந்தது. பூசாரியின் அண்ணன் பூண்டுலோயாவில் சனிக்கிழமை இறந்துவிட்டாராம். குடும்பத்தோடு புறப்பட்டுப் போய்விட்டார். அவருக்கு இனித் தீட்டு. காரியம் முடியும்வரை கோயிலுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். பூசாரியாக இல்லாத யாரும் மூலஸ்தானத்துக்குள் போகவும் முடியாது. அவருடைய போனுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தேன், வேலை செய்யவில்லை.

அன்று பின்னேரம் வழக்கம்போல ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் கூட்டம். போட்டோ கொப்பி எடுக்க வேண்டும், பாஸ்போர்ட்டுகளைத் தாருங்கள் என்று டீச்சர் கேட்டார். ஐந்து முகங்களும் என்னைப் பார்த்தன. கோயிலில் இருக்கின்றன என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீச்சர் ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு சிரிப்பைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. ஒரு நாள் தவணை கிடைத்தால் போதும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாஸ்டர், போன ஞாயிறு டின்ன உங்ககிட்டயே வச்சிருக்கச் சொல்லிட்டுத்தானே போனேன்?"

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்தால், 'அப்படியா, வீட்டில் பார்க்கிறேன்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அவர் மறுக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆமா, சொன்னீங்க போல" என்றார்.

அந்த 'போல' என்ற சொல் என் காதில் விழுந்ததும் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவர் எழுந்து தேடத் தொடங்கினார். மற்றவர்களும் எழுந்தார்கள். மேசை லாச்சி, அரிசி வாளி, கட்டிலுக்கு அடியில், பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் என்று வீடே புரண்டது. நானும் அவர்களோடு சேர்ந்து குனிந்து குனிந்து தேடினேன். அங்கே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். கடைசியில் அவர் மனைவியின் சாரிகள் இருந்த அலுமாரியைத் திறந்தார். அந்த அம்மா இறந்தபின் அதை யாரும் தொட்டதில்லை. மடிப்புக் கலையாமல் இருந்த சாரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"சேர்விஸ்ல ஒரு நாளாவது டேப்லட்ட மாறிக் குடுத்திருப்பேனா?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு நேரத்தில் ஒரு ரயில் மட்டும் போவதற்கு, டிரைவர் கையில் கொடுக்கும் அடையாளம்தான் டேப்லட். அது மாறிப் போனால் எதிரெதிரே இரண்டு ரயில். அதைக் காலமெல்லாம் கவனமாகக் கையாண்ட மனிதர் அவர்.

புதுப் பாஸ்போர்ட் எடுப்பதற்குள் பூவெல்லாம் கொட்டிவிடும் என்று யாரோ மெல்லிய குரலில் சொன்னார்கள். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. "கிடைக்கும் மாஸ்டர், ஆறுதலாப் பாருங்கோ" என்று டீச்சர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த அன்புதான் அவரை அதிகம் நொறுக்கியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறினேன். செத்த வீட்டு வாசலில் பூசாரியைக் கண்டதும் துக்கம் விசாரிக்கக்கூட மறந்துபோனேன். என் முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டார்.

"டின்னுக்குத்தானே சேர்? அம்மன் காலடியில பத்திரமா இருக்கு. என்னாலதான் உள்ள போக ஏலாது. பக்கத்துத் தோட்டத்துப் பூசாரிதான் இன்னிக்கு அந்திக்கு வெளக்கு வைக்க வாராரு. எடுத்துத் தரச் சொல்லி அனுப்புறேன், நீங்க போங்க."

அப்படியே நடந்தது. அந்திக்கு டின் என் கைக்கு வந்தது. மூடியில் குங்குமம், ஓரத்தில் ஒட்டிய செவ்வந்தி இதழ். கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு பாஸ்போர்ட்டும் இருந்தன.

பயம் போனதும் புத்தி வேறு வழியில் ஓடியது. இந்த டின்னை அவர் வீட்டிலேயே எங்காவது செருகி, நானே தேடி எடுப்பதுபோல எடுத்துவிட்டால் என்ன? எல்லோருக்கும் சந்தோஷம். அம்மன் கதை வெளியே வராது. மாஸ்டரும் கிடைத்துவிட்டதே என்று ஆறுதலடைவார். இதில் யாருக்கும் நட்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியிலிருந்த குங்குமத்தைக் கைக்குட்டையால் சுத்தமாகத் துடைத்தேன். பூவிதழையும் சுரண்டி எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை டின்னை ஒரு துணிப் பைக்குள் மறைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஜப்பானுக்கென்று வாங்கிய புதுப் பெட்டி கூடத்தில் விரிந்து கிடந்தது. அதற்குள் மனைவியின் சாரிகளையும் சுவரில் இருந்த படங்களையும் அடுக்கியிருந்தார். எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, நீ சொன்னதுதான் சரி. மாசக் கடைசியோட வீட்டப் பூட்டிட்டு வந்திர்றேன். ஆறு பேரோட பயணம்மா. நான் ஒருத்தன் கெடுத்துட்டேன். அவரு குடுத்தாரு, நான் வாங்குனேன். எவ்வளவோ யோசிச்சுப் பாக்குறேன், ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. எனக்கே என்மேல இனி நம்பிக்க இல்லம்மா."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைக் கண்டார்.

"வாங்க சேர். கோழிக்கூட்டுக்குள்ளகூடப் பாத்துட்டேன். என்னய மன்னிச்சுக்கிங்க."

நடக்காத ஒன்றுக்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். டின் இந்த வீட்டிலிருந்து கிடைத்தால், அவர் புத்தி கலங்கிவிட்டது என்பதற்கு நான் கொண்டுவந்து வைக்கும் சாட்சி அதுதான். யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேனே. டின்னை எடுத்து மேசையில் வைத்தேன்.

"மாஸ்டர், இத நான் உங்ககிட்ட குடுக்கவே இல்ல. கோயில்ல வச்சிருந்தேன். டீச்சர் சிரிப்பாங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் டின்னைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"குடுக்கலியா?"

"இல்ல."

"போன ஞாயிறு, இந்த வீட்டுல, என் கையில குடுக்கல?"

"குடுக்கல மாஸ்டர். நான் போகக்குள்ள கையிலயே கொண்டு போனேன்."

"அதான் பாத்தேன்" என்று நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க குடைய ஒரு கையிலயும் டின்ன மத்தக் கையிலயும் புடிச்சிக்கிட்டுப் படி எறங்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருந்திச்சு சேர். அது கனவாக்கும்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். அடி விழும், வெளியே போ என்பார் என்று நின்ற எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து உள்ளே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். கேத்தல் கொதிக்கும்வரை அதன் பக்கத்திலேயே நின்றார். கோப்பையை என் கையில் தந்தபிறகுதான் திட்டத் தொடங்கினார். அதிபர், மண்ணாங்கட்டி, அறிவு கெட்ட மனுசன் என்று அவருக்குத் தெரிந்த தமிழிலும் சிங்களத்திலும் வந்த எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் ஏச்சு வாங்கியதே இல்லை.

பிறகு மகளுக்குப் போன் எடுத்து, என் கையில் தந்தார். "நீங்களே சொல்லுங்க." சொன்னேன். "அப்பா ராத்திரி முழுக்க அழுதாரு அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். வீட்டைப் பூட்டும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அன்று பின்னேரமே மற்றவர்களையும் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். துடைத்த குங்குமத்தைக்கூட மறைக்கவில்லை. நான் பயந்த அந்தச் சிரிப்பு டீச்சரிடமிருந்து வரவேயில்லை.

"கோயிலுக்குப் போனதைச் சொல்ல வெக்கப்பட்டு, ஒரு நல்ல மனுசனை விசரன், பைத்தியம் எண்டு ஆக்கப் பாத்திருக்கிறியள் சேர்" என்றார்.

வியாழக்கிழமை ஆறு பேரும் ஒன்றாகக் கொழும்புக்கு ரயில் ஏறினோம். பாஸ்போர்ட்டுகள் மாஸ்டரின் கையில் இருந்தன. இனி அவை அவர் பொறுப்பு என்று கூட்டம் முடிவு செய்துவிட்டது. விசா எல்லோருக்கும் வந்தது. அடுத்த மாதம் புறப்படுகிறோம். ஏற்பாடுகளை இப்போது எல்லோரும் சேர்ந்து செய்கிறோம். என் சொல்லுக்கு மறுபேச்சும் தாராளமாக வருகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

மாஸ்டருக்கு மறதி இல்லாமல் போய்விடவில்லை. நேற்றும் கடைத்தெருவில் வைத்து, "மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்தேனா, இனித்தான் போகணுமா சேர்?" என்று கேட்டார். முன்பென்றால் யோசிக்காமல் ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது நிதானித்து, எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். நான் சொல்வதைத்தான் அவர் தன் ஞாபகமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.