வீட்டுக்கு ஒரு கவளம்

காரியாபட்டிப் பக்கத்தில் நான் வேலை பார்த்த கரிமூட்டம் முதுகுக்குப் பின்னால் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. வெட்டுவதற்குச் சீமைக்கருவேலம் தீர்ந்துபோனதால் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அன்று மாட்டுப்பொங்கல். கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் பால் வண்டி, விருதுநகரிலிருந்து மறுபடியும் நடை. ஆமத்தூரைத் தாண்டி நான் தேடிவந்த தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அந்தத் தெருவில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். தீபாவளிக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனி மூடிக்கிடந்த வாரங்களில் என்னோடு கரி அள்ளியவன். "பொங்கல் கழிச்சுக் கம்பெனியத் திறந்துருவாக. எங்க ஊருக்கு வாலே, வேன்ல ஏத்தி விடுறேன்" என்று சொல்லியிருந்தான். கம்பெனி வேனில் இடம் கிடைத்தால் வேலை கிடைத்த மாதிரி. வாரச் சம்பளம், ஒரே இடத்தில் படுக்கை. அதற்காகத்தான் நடந்தேன்.

ஒரு காலத்தில் எல்லோரும் காட்டுவேலைக்குப் போன தெரு அது. இப்போது எல்லோரும் கம்பெனிக்குப் போகிறார்கள். மிச்சமிருப்பது ஒரே ஒரு பசு. பால் ஊற்றும் ஒரு பெண்ணுடையது. நன்றி சொல்ல மாடு வேண்டுமே, அதனால் தெரு முழுக்க அந்தப் பசுவுக்கு முன்னால் வாழையிலையில் பொங்கலை வைத்துக்கொண்டு நின்றது. அவள் கையில் கம்போடு காவல்.

"வீட்டுக்கு ஒரு கவளம். அதுக்கு மேல ஊட்டுனா வயிறு ஊதிப் படுத்துக்கிரும்."

"எங்க வீட்டுல ஆறு பேரு இருக்கோமேக்கா."

"மாட்டுக்கு வயிறு ஒண்ணுதானய்யா."

தெருமுனையில் விருதுநகர் பாய் ஒருவர் லோடு வண்டியில் விற்காத கரும்போடு உட்கார்ந்திருந்தார். பொங்கலன்றே வாங்குகிறவர்கள் வாங்கி முடித்திருந்தார்கள். "வண்டிக்காரனுக்கும் ஒரு கவளம் உண்டாம்மா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு இலை போனது.

வரிசையில் நின்றவர்கள் பேச்சு பசுவைப் பற்றியதாக இல்லை. மதியம் கம்பெனி போர்மேன் போன் பண்ணியிருந்தார். ஆர்டர் பாதியாகிவிட்டது, இரண்டு வேன் வந்த இடத்தில் இனி ஒன்றுதான் வரும், யார் ஏறுவது என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"பழைய ஆளுகதான் மொதல்ல ஏறணும்" என்றான் என் கூட்டாளி. "நானும் எம்பொண்டாட்டியும் தங்கச்சியும் கம்பெனி தொடங்குன நாள்லருந்து போறோம்."

எதிர்வீட்டுக்காரர் விடவில்லை. "ஒரே வீட்டுல மூணு பேரு ஏறுவீக. நாங்க வேனுக்கு டாட்டா காட்டிக்கிட்டு நிக்கணுமாக்கும்."

பேச்சு தடித்தது. தாய்மாமன் முறை, அண்ணன் முறை எல்லாம் இழுபட்டது. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "அசலூர்க்காரரு, நீங்க சொல்லுங்க. எந்தப் பக்கமும் சாயாத ஆளு."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். என்னிடம் யாரும் நியாயம் கேட்டதில்லை. அதுவரை பசு தின்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாட்டுக்கு வச்ச மாதிரியே வேனுக்கும் வைங்களேன். வீட்டுக்கு ஒரு ஆளு" என்றேன்.

வரிசையில் நின்ற ஒருவர், "அப்படின்னா நாளைக்கே நானும் எங்கண்ணனும் தனி அடுப்பு மூட்டிருவோம்" என்றார்.

"மூட்டு. சிலிண்டருக்கு யாரு காசு குடுக்கிறதுன்னு அடுத்த சண்டையப் போடுங்க" என்றாள் பசுக்காரப் பெண். சிரித்துவிட்டார்கள். சிரித்ததும் பாதி முடிந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு ஒருவர், மிஞ்சுகிற இடம் பெரிய குடும்பங்களுக்கு, வாரம் மாற்றி வாரம். யாருக்கும் முழு திருப்தி இல்லை, யாரும் விலகிப் போகவும் இல்லை. பசுவுக்கு மாலை போட்டுக் கும்பிட்டார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கூட்டாளியின் மனைவி கேட்டாள். "எல்லாஞ் சரிண்ணே. உங்களுக்கு இங்கன வீடு ஏது?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"சோறு போடக் கூட்டியாந்தா எங்க எலையிலயே கைய வச்சுட்டியேலே" என்றான் அவன். அவர்கள் வீட்டிலிருந்து மனைவி போவதென்று முடிவாகியிருந்தது. அவளுக்குத்தான் கைவேகம். அவனுக்கும் இனி வேன் இல்லை. கோபம்தான், ஆனாலும் இரண்டாம் முறை குழம்பு ஊற்றினான். சொன்னதை மாற்றிச் சொல்லலாமா என்று நினைத்துப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் எனக்கு அங்கே ஒரு வீடு முளைக்கப்போவதில்லை.

கை கழுவ வெளியே வந்தேன். பாய் கரும்புக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காணும் பொங்கலு, ஆனைக்குட்டம் அணையைப் பார்க்கச் சனம் வரும். தோல் சீவித் துண்டு போட்டுப் பொட்டலமா வித்தா இது தீரும். அருவா பிடிப்பீகளா?"

"கருவேலம் வெட்டுன கை பாய்."

"போதும்."

மறுநாள் காலை அணைக்கரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து கரும்பு சீவினேன். முள்ளை வெட்டிய கைக்குக் கரும்பு மிருதுவாக இருந்தது. பாய் பொட்டலம் கட்டினார். கூட்டம் ஏறும்போது கூட்டாளி மனைவியோடும் தங்கையோடும் வந்தான். அவர்களைத் தண்ணீர் பார்க்க அனுப்பிவிட்டு என் பக்கத்தில் குந்தினான். கொஞ்ச நேரம் நான் சீவுவதையே பார்த்தான்.

"இதுக்கு ரெண்டு ஆளு வேணுமான்னு கேளுலே" என்றான்.

அது பாய் காதில் விழுந்திருந்தது. "கரும்பு தீர்ற வரைக்கும்" என்றார், நிமிராமல். நான் சாக்கின் மறுபாதியை அவன் பக்கம் இழுத்துவிட்டு அடுத்த கழியை எடுத்தேன்.