சரசக்கா வீட்டுக் கப்பாசிற்றர்

போரால் உரும்பிராயில் மின்சாரம் நின்றுபோயிருந்த காலம் அது. நான் வீட்டிலேயே ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருந்தேன். கீச்சென்ற உச்ச ஒலிகளை மட்டும் பிரித்துச் சின்ன ஸ்பீக்கருக்கு அனுப்ப, பிளஸ் மைனஸ் இல்லாத கப்பாசிற்றர், அதாவது மின்தேக்கி, வேண்டும். கடைகளில் அது கிடைக்கவில்லை. ஆனால் மின்விசிறிக்குள் ஒன்று இருக்கும்; விசிறியைச் சுற்ற வைப்பதே அதுதான்.

பக்கத்து வீட்டுச் சரசக்காவின் பற்றறி றேடியோவைத் திருத்தப் போனேன். அவர் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போன நேரத்தில், மூலையில் கிடந்த மேசை விசிறியிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டேன். கரண்டே வராத ஊரில் விசிறி எதற்கு என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு அவருடைய மகளின் கல்யாணத்துக்கு ஜெனரேற்றர் பிடித்தார்கள். பாட்டுப் போட என் பெட்டியும் அங்கே போனது. அதில் நாதஸ்வரம் அத்தனை துல்லியமாகக் கேட்டது. பாரிசவாதத்தில் படுத்திருந்த கணவருக்காகச் சரசக்கா அந்த விசிறியைப் போட்டார். அது முனகியது, சுற்றவில்லை.

"கனகாலம் சும்மா கிடந்து பழுதாப் போச்சுப் போலை, தம்பி" என்றபடி ஓலை விசிறியால் வீசத் தொடங்கினார். அவருடைய பட்டுச் சேலை முதுகில் நனைந்திருந்தது. "நீ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடு. இவர் ஆசையாக் கேக்கிறார்."

பெட்டியைத் திறந்து கப்பாசிற்றரை எடுத்து விசிறியில் பூட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

"ஓம் அக்கா" என்றேன். போய்ச் சத்தத்தைக் கூட்டினேன்.